விட்டுப்போன புள்ளிகள்!

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் 'சாலஞ்சர்' விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் நடுவானில் சிதறியது. 7 பேர் மாண்டனர். ஒருவர் பள்ளி ஆசிரியை!

ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, நெருப்பைக் கசிய விட்டதே காரணம்.

"குளிர் ஆகாது" என்று என்ஜினீயர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தார்கள். அதிகாரிகளோ வளையம் சேதமான பயணங்களை மட்டும் ஒப்பிட்டார்கள். 53 டிகிரியிலும் சேதம், 75 டிகிரியிலும் சேதம்! குளிர்மேல் பழி விழவில்லை.

சேதமாகாத பயணங்களையும் சேர்த்துப் புள்ளி வைத்தது, பிறகு வந்த விசாரணைக் குழு. 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் 20 பயணம், சேதம் மூன்றில்தான். 63ம் அதற்குக் கீழும் 4 பயணம், நான்கிலும் சேதம்!

இன்று பள்ளிப் பிள்ளைகூட கிராப் கால்குலேட்டரில் ஒரு வரிசையில் வெப்பத்தையும் இன்னொன்றில் சேதத்தையும் தட்டினால், நொடியில் இந்தப் படம் விழும்.

சாலஞ்சர் கிளம்பியபோது வெளியே 36 டிகிரிதான்.