தெரிந்து தொடங்கும் ஆய்வு

உயிர்கள் தனித்து வாழ்வன அல்ல. மண்ணும் நீரும் காற்றும் வெயிலும் அவற்றிற்கு வாழ்வளிக்கின்றன. மரமும் கொடியும் பூச்சியும் பறவையும் விலங்கும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. இச்சார்பினை ஆராயும் அறிவுத்துறை சூழலியல் எனப்படும். அவ்வறிவைத் துணையாகக் கொண்டு, அழியும் நிலையிலுள்ள உயிர்களையும் அவற்றின் வாழிடங்களையும் காக்கும் முயற்சி உயிரினப் பாதுகாப்பு எனப்படும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரம், பறவை, விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்துக்கொண்ட தமிழ் மரபினர்க்கு இத்துறையின் அடிப்படை எளிதில் விளங்கும். முல்லை நிலத்து மானை நெய்தல் நிலத்தில் தேடுவார் இலர். அஃது ஏன் இங்கு உளது, ஏன் அங்கு இலது என்று வினவி, எண்ணியும் அளந்தும் விடை காண்பதே சூழலியலார் தொழிலாகும்.

இத்துறையில் பெறத்தக்க உயர்ந்த பட்டம் முனைவர் பட்டம். ஏனைய பட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பிறர் கண்டறிந்தவற்றைக் கற்றுத் தேர்வெழுதி ஏனைய பட்டங்களைப் பெறலாம். முனைவர் பட்டத்திற்கோ, இதுவரை ஒருவரும் அறியாத ஒன்றை மாணவர் தாமே கண்டு நிறுவுதல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி இதற்குக் குறைந்த அளவு 3 ஆண்டுகள். மிகுந்த அளவு 6 ஆண்டுகள். சிலர்க்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு. இளமையின் வளமான ஆண்டுகள் இவை. ஒருமுறை கழிந்தால் மீண்டும் வாரா. ஆதலின், இப்பணியில் இறங்குமுன் ஆராய்ந்து துணிதல் இன்றியமையாதது.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல், தெரிந்து தெளிதல் என்னும் ஐந்து அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அரசியலுக்கு உரைத்த அம்முறை ஆய்வாளர்க்கும் நன்கு பொருந்துவதாகும்.

முதலில் தெரிய வேண்டுவது செயல். அஃதாவது, ஆராய எடுத்துக்கொள்ளும் வினா. 'எனக்கு யானையின்மேல் விருப்பம்' என்பது வினா ஆகாது. விருப்பம் தொடக்கமே அன்றி முடிவன்று. அறிஞர் இராமன் சுகுமார் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கில் என்னும் பேரறிஞரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்தார். தென்னிந்தியக் காடுகளில் யானை எவ்வாறு வாழ்கின்றது, அதற்கும் மக்களுக்கும் இடையே நிகழும் மோதல் எத்தகையது என்பன அவர் ஆராய்ந்த பொருள்கள். யானைகள் விளைநிலத்தில் புகுவது எல்லோரும் அறிந்த செய்தியே. ஆயினும் எந்த யானை, எந்தப் பருவத்தில், எந்தப் பயிரை நாடிப் புகுகின்றது என்று ஒருவர் இரவும் பகலும் இருந்து குறித்துப் பார்த்தாலன்றி அச்செய்தி அறிவாக மாறாது. பெண் யானைகளினும் வளர்ந்த ஆண் யானைகளே மிகுதியாகப் பயிரை நாடுகின்றன என்றும், கேழ்வரகு முதலிய பயிர்கள் காட்டுப் புற்களினும் சத்து மிக்கவை என்றும் அவ்வாய்வு காட்டிற்று. இடர் மிகுந்தாலும் நல்லுணவு உண்டு வலிமை பெறுதல் ஆண் யானைக்கு இனப்பெருக்கத்தில் பயன் தரும் என்று அவர்கள் இதனை விளக்கினர். அவ்வாய்வினின்று எழுந்த நூல் 1989-இல் வெளிவந்தது. உழவனுடைய இழப்பும் யானையினுடைய வாழ்வும் ஒரே வினாவில் அடங்கியதாலேயே அவ்வாய்வு பயன் மிக்கதாயிற்று.

எனவே, நல்ல வினாவிற்கு மூன்று இலக்கணங்கள் கூறலாம். அதன் விடை முன்னமே பிறரால் காணப்பட்டதாக இருத்தல் கூடாது. ஒருவர் முயன்று காணத்தக்க அளவினதாக இருத்தல் வேண்டும். காணப்பட்ட விடை, அறிவுக்கோ உயிர்களுக்கோ பயன்படுதல் வேண்டும். முன்னோர் எழுதிய ஆய்வுரைகளைப் படியாதவர்க்கு முதல் இலக்கணம் கைகூடாது. ஆதலால், இத்துறையை நாடும் மாணவர் முதற்கண் நல்ல வாசகராதல் வேண்டும்.

இரண்டாவது, தம் வலிமையை அறிதல். காட்டு வாழ்க்கை படத்தில் காண்பதற்கு இனியது. நடந்து பார்ப்பதற்குக் கடியது. மழைக்காட்டில் அட்டைக் கடியும், வறண்ட காட்டில் வெயிலும், எவ்விடத்தும் தனிமையும் பொறுக்க வேண்டியவை. நாங்குநேரியில் பிறந்த அ. ஜா. த. ஜான்சிங் சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். ஜிம் கார்பெட்டின் நூல்களால் காட்டின்மேல் நாட்டங்கொண்ட அவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். யானையும் புலியும் உலவும் அக்காட்டில் பெரும்பாலும் கால்நடையாகவே சென்று செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றவர்க்குப் பரிசு கொடுக்கப்பட்டது; அஃது இரக்கமற்ற கொடிய விலங்கு என்றே பலரும் கருதினர். அவ்விலங்கு எதனை உண்கின்றது, கூட்டமாக எவ்வாறு வேட்டையாடுகின்றது, குட்டிகளை எவ்வாறு பேணுகின்றது என்பவற்றை அவர் பொறுமையுடன் குறித்துவைத்தார். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் அவ்வாய்விற்கு முனைவர் பட்டம் வழங்கிற்று. பின்னர் இந்திய வனவுயிர் நிறுவனத்தில் ஆசிரியராக அமர்ந்து பல ஆய்வாளரைப் பயிற்றிய அவர், 2024-இல் மறைந்தார்.

காலும் கண்ணும் மட்டும் போதா. களத்தில் திரட்டிய எண்களைப் பகுத்துணரப் புள்ளியியல் வேண்டும். கண்டதைத் தெளிவுற உரைக்க நல்ல நடை வேண்டும். களத்திற்குச் செல்லும் நாள்களைக் காட்டிலும், மேசைமுன் அமர்ந்து கணக்கிட்டு எழுதும் நாள்கள் குறைந்தவை அல்ல. தம் வலிமையை அறிவதற்கு நல்ல வழி, முன்னரே சிறிது பழகிப் பார்ப்பதாகும். முதுநிலைப் பட்டம் பெற்றபின் ஓராண்டேனும் ஆய்வுத் திட்டமொன்றில் களப்பணியாளராக இருந்து பார்ப்போர், தம் மனம் இப்பணியில் ஒன்றுமா ஒன்றாதா என்பதை ஐயமற அறிவர். ஒன்றாது எனக் கண்டு வேறு துறையை நாடுவதும் இழுக்கன்று. அதுவும் ஒரு தெளிவே.

மூன்றாவது, காலம் அறிதல். இயற்கை, பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியை நோக்கி நடப்பதில்லை. குளிர்காலத்தில் வலசை வரும் பறவையைக் கோடையில் ஆராய இயலாது. ஓராண்டு மழை பொய்த்தால், அவ்வாண்டில் எடுத்த கணக்கு மற்றோராண்டிற்குப் பொருந்தாமற் போகும். மூங்கில் வகைகளுள் பல, பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பவை. அவற்றின் பூப்பையே நம்பி ஓர் ஆய்வைத் தொடங்குவோர் பட்டத்தையும் இழப்பர். காடுகளில் ஆய்வு செய்ய வனத்துறையின் இசைவு பெறுதல் வேண்டும். அதற்கும் திங்கள்கள் பல கழியக்கூடும். இவையெல்லாம் போக எஞ்சும் காலத்தில் முடியத்தக்கதாக வினாவைச் சுருக்கிக்கொள்வதே அறிவுடைமை.

நான்காவது, இடன் அறிதல். இடம் என்பது ஆய்வுக்களத்தையும் குறிக்கும். கல்வி நிலையத்தையும் குறிக்கும். டேராடூனில் 1982-இல் தோன்றிய இந்திய வனவுயிர் நிறுவனமும், கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் நிறுவப்பெற்றுப் பின்னர் அந்நிறுவனத்தோடு இணைக்கப்பட்ட சலீம் அலி பெயரால் விளங்கும் மையமும், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த சூழலியல் மையமும் இத்துறையில் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் உதகமண்டலத்து அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவுயிரியல் கற்பிக்கப்படுகின்றது. எனினும் நிலையத்தின் பெயரை மட்டும் கண்டு மயங்குதல் ஆகாது. எடுத்த வினாவிற்கு வேண்டிய நூலகமும் கருவியும் களமும் அங்கு வாய்க்குமா என்பதே நோக்கத்தக்கது.

ஐந்தாவது, தெரிந்து தெளிதல். அஃதாவது, வழிகாட்டும் பேராசிரியரைத் தேர்தல். ஐந்தனுள்ளும் தலையாயது இதுவே எனலாம். வினா பிழைத்தால் திருத்திக்கொள்ளலாம். களம் பிழைத்தால் மாற்றிக்கொள்ளலாம். வழிகாட்டி பிழைத்தால் ஆண்டுகள் பல வீணாகும். புகழ் ஒன்றையே நோக்கி ஒருவரை நாடுவது தக்கதன்று. அவர் எழுதிய ஆய்வுரைகளை முதலில் படித்தல் வேண்டும். பின்னர், தம் விருப்பமும் பயிற்சியும் இன்னவை, தாம் ஆராய எண்ணும் வினா இன்னது என்பவற்றைச் சுருங்க எழுதி அவர்க்கு விடுத்தல் வேண்டும். பலர்க்கும் ஒரே மடலைப் படியெடுத்து விடுப்பவரின் மடல் படிக்கப்படாமற் போதலே மிகுதி.

இவற்றோடு, அவரிடம் இப்போது பயில்வோரையும் முன்பு பயின்றோரையும் தனித்தனியே கண்டு வினவுதல் வேண்டும். திங்களுக்கு எத்தனை முறை அவர் மாணவரைக் கண்டு பேசுகின்றார்? மாணவர் எழுதியதைக் காலத்தே படித்துத் திருத்துகின்றாரா? மாணவர் செய்த பணிக்கு மாணவர் பெயரையே முதலில் இடுகின்றாரா? தொடங்கியோருள் எத்தனை பேர் முடித்தனர்? இவ்வினாக்களுக்கு வரும் விடைகள் எவ்விளம்பரத்தினும் நம்பத்தக்கவை. ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 ஆய்வாளர்க்கு மேல் ஏற்றல் கூடாது என்றும், இணைப்பேராசிரியர்க்கு 6, உதவிப் பேராசிரியர்க்கு 4 என்றும் மேற்கூறிய விதிகள் வரையறுத்துள்ளன. ஒவ்வொரு மாணவர்க்கும் உரிய கவனம் குறையாதிருத்தற்கு இவ்வரையறை துணைசெய்யும்.

பொருளையும் மறத்தல் ஆகாது. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறுவோர்க்கு 2023 முதல் தொடக்கத்தில் திங்கள்தோறும் 37,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இத்தகைய உதவி கையில் இன்றி, குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தி ஆய்வில் இறங்குதல் நன்றன்று. பட்டம் பெற்றபின் கிடைக்கும் பணியிடங்களும் இத்துறையில் மிகுதி அல்ல என்பதை அறிந்தே துணிதல் வேண்டும். உயிர்களைக் காக்கும் தொண்டு முனைவர்க்கு மட்டும் உரியதும் அன்று. பறவையியலின் பெருந்தகை சலீம் அலி பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் முறையே பெறாமலே பெர்லின் நகருக்குச் சென்று அறிஞர் ஸ்டிரேசமனிடம் பயின்று உலகப் புகழ் எய்தினார். வன அலுவலர், ஆசிரியர், சட்ட வல்லுநர், எழுத்தாளர் ஆகிய யாவரும் இத்தொண்டில் பங்கு கொள்ளலாம்.

ஆயின், பிறர் எவரும் செய்யவியலாது ஆய்வாளர் மட்டுமே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. 1980-களில் விபு பிரகாஷ் என்பவர் பரத்பூர்ச் சரணாலயத்தில் கழுகு முதலிய ஊனுண்ணிப் பறவைகளை ஆராய்ந்து, பாறுகளின் கூடுகளையும் எண்ணி வைத்தார். அக்காலத்தில் பாறுகள் எங்கும் மலிந்திருந்தன. அவற்றை எண்ணுவதால் பயன் யாது என்று கேட்போர்க்கு விடை கூறுதல் எளிதாக இருந்திராது. 1990-களின் இறுதியில் அவர் மீண்டும் எண்ணியபோது அவற்றின் தொகை வீழ்ந்திருந்தது. பழைய கணக்கு இருந்தமையால் அவ்வீழ்ச்சி ஐயத்திற்கு இடமின்றிப் புலப்பட்டது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் வலி மருந்து, அவற்றின் பிணங்களை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பதை 2004-இல் அறிஞர்கள் நிறுவினர். 2006-இல் இந்திய அரசு கால்நடை மருத்துவத்தில் அம்மருந்தைத் தடை செய்தது. எஞ்சிய பாறுகளுள் சில நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன.

பலவாக உள்ளபோதே எண்ணி வைத்த ஒருவரின் உழைப்பு, சிலவாகக் குறைந்தபோது ஓர் இனத்தின் அழிவை உலகிற்கு உணர்த்திற்று. முனைவர் பட்டத்தின் மெய்ப்பயன் பெயர்க்கு முன் நிற்கும் அடைமொழியன்று. இத்தகைய நம்பத்தக்க சான்றேயாகும். இன்று பள்ளியில் பயில்வோர் தம் ஊரின் குளத்தையும் அதில் வந்து தங்கும் பறவைகளையும் நாளும் நோக்கி, நாளும் பொழுதும் குறித்து ஏட்டில் எழுதிவரத் தொடங்கலாம். அதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. அப்பழக்கம் சில ஆண்டுகள் சலியாது நிலைத்து நிற்குமாயின், ஆய்வுத்துறை தமக்கு உரியதா அன்றா என்பதை அவ்வேடே அவர்க்கு உரைக்கும்.