இழுப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள்!

எங்கள் மணலி புதுநகரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் ஜன்னலைத் திறப்போம். புகையும் நெடியும் எங்களுக்குப் புதிதல்ல. என் மாமியாருக்கோ பல வருஷமாக ஆஸ்துமா.

ஒரு போகியன்று விடியற்காலை, தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் அவருக்கு இழுப்பு கண்டுவிட்டது. நான் செய்ததெல்லாம் தப்பு. படுக்க வைத்தேன், நெஞ்சில் தைலம் தேய்த்தேன். இன்ஹேலரை எடுக்கப் போனால், "வேணாம்மா, அது பழக்கமாயிடும்" என்றார் அத்தை. நானும் விட்டுவிட்டேன். பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாக அறுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "மருந்தை வீட்ல வச்சுக்கிட்டா அரை மணி நேரம் சும்மா இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். தலைகுனிந்து நின்றேன்.

ஆஸ்துமா தாக்கும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்புறம் வீங்கிவிடுகிறது. அவசர இன்ஹேலரில் பெரும்பாலும் இருக்கும் சால்பூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. அது போதைப் பழக்கம் ஆகாது. அடிக்கடி தேவைப்பட்டால் மட்டும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, செய்ய வேண்டியது இதுதான். நோயாளியைப் புகையிலிருந்து அப்பால் கொண்டுபோய் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சுற்றி நின்று கூட்டம் போடாதீர்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, 30 முதல் 60 விநாடிக்கு ஒரு முறை வீதம் 10 முறை வரை கொடுக்கலாம். 'ஸ்பேஸர்' என்ற குப்பியைப் பொருத்திக் கொடுத்தால் மருந்து நெஞ்சுக்குள் நன்றாக இறங்கும்.

அப்படியும் தணியவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லையா? மயக்கமாகக் கண் சொருகுகிறதா? உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை மருந்தை நிறுத்த வேண்டாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தச் சேதி கேட்டதிலிருந்து எங்கள் வீட்டு இன்ஹேலர் அலமாரியில் இல்லை. அத்தையின் தலைமாட்டில் இருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் அவரே கேட்கிறார்: "மருந்து தீரலியே, பாத்தியாம்மா?"