குளிரும் குறுமரமும்

துவாரகாவின் அடுக்குமாடிகளில் குடியேறிய நமக்கு நிலம் ஏது? பால்கனித் தொட்டிகளே தோட்டம். அவற்றிலும் ஆலையும் இச்சியையும் ஒரு முழத்துக்குள் அடக்கிப் போன்சாயாக வளர்க்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. ஊரில் மார்கழி என்றால் ஆலுக்குப் பனித்துளியோடு சரி. தில்லிக் குளிரோ வேறு. 2021 ஜனவரி முதல் நாளன்று சப்தர்ஜங்கில் வெப்பநிலை 1.1 பாகைக்கு இறங்கியது. 10 பாகைக்குக் கீழே போனாலே வெப்பநாட்டுக் குறுமரங்கள் வாடத் தொடங்கும்.

இதே தில்லியில் வீதியோர ஆலமரங்கள் தாங்கி நிற்கவில்லையா எனக் கேட்கலாம். அவற்றின் வேர் இருக்கும் ஆழத்தில் மண் அவ்வளவு குளிர்வதில்லை. போன்சாய்த் தட்டில் மண் நான்கு விரற்கடையே. ஓரிரவிலேயே வேர்வரை சில்லிட்டுவிடும்.

ஆகவே மார்கழி பிறக்குமுன்னரே மரத்தை வீட்டினுள் கொணர்தல் நன்று. குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குச் சன்னலே உகந்த இடம். ஹீட்டரின் அருகில் மட்டும் வைத்தலாகாது. அவ்வறட்சியை இலை தாங்காது. அப்பிழையை நாமே செய்தோம். பத்தாண்டு வளர்த்த ஆல் ஒரே வாரத்தில் மொட்டையாயிற்று. எறிந்துவிட எண்ணிய வேளையில் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே பச்சை! ஹீட்டரை விட்டு அகற்றி, மேல்மண் காய்ந்த பின்னரே, அதுவும் முற்பகலில், சிறிது நீர் வார்த்தோம். உரமிடவில்லை, கத்தரிக்கவுமில்லை. பங்குனியில் துளிர் கண்டது.