சிறுத்தையும் ஆட்டுக் கொட்டிலும்

சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டருகே நின்று, "காட்டு விலங்குகளைக் காக்க வேண்டுமா?" என்று வினவினால், "ஆம்" என விடை கூறத் தயங்குவோர் சிலராகவே இருப்பர். அங்கு வாழ்வோருக்குச் சிறுத்தை என்பது பாடப் புத்தகத்திலும் வண்டலூர் விலங்குக் காட்சிச் சாலையிலும் காணும் அழகிய பிராணி. ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியிலோ நீலகிரி மாவட்டத்துப் பந்தலூரிலோ அதே வினாவை எழுப்பினால் விடை அவ்வளவு எளிதில் வாராது. விடியற்காலையில் பட்டியைத் திறந்து பார்த்து, நான்கு ஆடுகளை இழந்து நிற்கும் குடியானவருக்கு அந்த நான்கு ஆடுகளே சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவும் மருத்துவச் செலவும் அவற்றையே நம்பியிருந்தன.

காட்டு விலங்குகளைக் காப்பது என்பது நாடு முழுவதும் கூடி எடுத்த முடிவு. அம்முடிவின் சுமை காட்டோரத்துச் சிறு விவசாயியின் தலையில் மட்டும் விழுவது முறையன்று. ஆகவே, அச்சுமையைக் குறைக்கும் வழிகளுள் குடியானவரும் பஞ்சாயத்தும் தம் கையாலேயே செய்யக்கூடியவை எவை என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

சிறுத்தையின் இயல்பு

சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2022-இல் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியப் பிரதேசத்திற்குக் கொண்டுவரப்பட்டது சிவிங்கிப்புலியாகும். நம் மலையடிவாரங்களில் உலவுவது சிறுத்தை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகளும் தமிழ்நாட்டில் 1,070 சிறுத்தைகளும் உள்ளன என மதிப்பிடப்பட்டது. 2018-இல் நம் மாநிலத்திற்குரிய மதிப்பீடு 868 ஆக இருந்தது.

புலியைப்போல் சிறுத்தைக்குப் பெருங்காடு இன்றியமையாததன்று. தேயிலைத் தோட்டம், கரும்பு வயல், கைவிடப்பட்ட கல்குவாரி, முட்புதர் ஆகிய எதிலும் அது பகலைக் கழிக்கும். இருட்டியபின் இரை தேடும். மான், காட்டுப்பன்றி, முயல், குரங்கு, மயில், நாய், ஆடு, கன்று என எது எளிதில் அகப்படுகிறதோ அதுவே அதற்கு உணவு. 'எளிதில்' என்ற இச்சொல்லை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அதில் அடங்கியுள்ளது.

மகாராஷ்டிர மாநிலத்தில் அகோலே என்னும் வட்டாரம் காடற்ற விளைநிலப் பகுதி. அங்கே சிறுத்தைகள் எவற்றைத் தின்கின்றன என்று வித்யா ஆத்ரேயாவும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். உண்ட இரையின் எடையில் 87 சதவீதம் வீட்டுப் பிராணிகள். நாய் மட்டும் 39 சதவீதம். ஆடுகளோ நாய்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாக இருந்தும், இரையில் அவற்றின் பங்கு 11 சதவீதமே. காரணம் யாது? நாய் இரவெல்லாம் தெருவில் திரிகிறது, ஆடு அடைக்கப்பட்டிருக்கிறது. அடைத்து வைத்த ஆடு எளிதில் அகப்படாத ஆடு என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

கூண்டு வைத்துப் பிடித்தால் போதாதா?

ஆடு ஒன்று இறந்தவுடன், "கூண்டு வையுங்கள், பிடித்து வேறு காட்டில் விடுங்கள்" என்று கிராம மக்கள் கோருவது இயல்பே. ஆயினும், இம்முறையை முன்னர்க் கையாண்ட ஓரிடத்தின் அனுபவத்தைக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வனப்பகுதியில் 2001-ஆம் ஆண்டு முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டனர். அதற்குமுன் மனிதர்மீது நிகழ்ந்த தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்தது. இடமாற்றம் தொடங்கியபின் அது 17 ஆக உயர்ந்தது. சிறுத்தைகள் விடப்பட்ட காடுகளின் அருகிலும் தாக்குதல்கள் தோன்றின. பழகிய எல்லையை இழந்த விலங்கு அலைந்து திரியும். அது விட்டுச்சென்ற இடத்திற்கு மற்றொரு சிறுத்தை வந்து சேரும். அதே நாயும் அதே திறந்த பட்டியும் புதிய சிறுத்தைக்கும் காத்திருக்கின்றன அல்லவா? இவ்வகை அனுபவங்களுக்குப் பின்னரே, கண்டமாத்திரத்தில் பிடித்து இடம் மாற்றுவதைத் தவிர்க்குமாறு மத்திய அரசு 2011-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மனித உயிருக்கு ஆபத்து நேருமிடத்து நிலைமை முற்றிலும் வேறு. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பகுதியில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தையால் உயிரிழந்தபோது, மறுநாளே மயக்க ஊசி செலுத்தி அச்சிறுத்தை பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் திருப்பத்தூர் நகருக்குள் புகுந்த சிறுத்தையும் அவ்வாறே பிடிக்கப்பட்டது. இத்தகைய வேளைகளில் விரைந்து செயலாற்றுமாறு கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆடு, மாடுகளைக் காக்கும் பணிக்கோ கூண்டைவிடக் கொட்டிலே சிறந்த கருவி.

கொட்டில் அமைக்கும் முறை

முள்வேலிப் பட்டியும் மூங்கில் தட்டியும் நரியைத் தடுக்கலாம், சிறுத்தையைத் தடுக்கா. அது உயரத் தாவவும், மரம் ஏறவும், கூரையைப் பிரித்து இறங்கவும் வல்லது. உள்ளே புகுந்துவிட்டால், ஓட வழியின்றிக் கலையும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆதலின், அரைகுறையாக அடைத்த கொட்டில் ஆடுகளுக்கே பொறியாக முடியும். நல்ல கொட்டிலுக்குரிய இலக்கணம் வருமாறு:

1. நான்கு புறமும் மேற்புறமும் மூடப்பட்டிருக்க வேண்டும். ஓலைக் கூரை மட்டும் போதாது. ஓலைக்கு அடியில் கம்பி வலையாவது பொருத்துதல் வேண்டும்.

2. அடிப்பகுதியில் இரண்டு அல்லது மூன்று அடி உயரத்திற்குக் கல் அல்லது செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் கூரை வரை உறுதியான பற்றவைப்புக் கம்பி வலை அமைக்கலாம். காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரும். வலையின் கண்கள் சிறுத்தையின் பாதம் நுழையாத அளவுக்குச் சிறியனவாக இருக்கட்டும்.

3. சுவர் கட்ட வசதியில்லையெனில், கம்பி வலையை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்து அதன்மேல் கல் அடுக்குக.

4. கதவே பெரும்பாலான கொட்டில்களின் பலவீனம். இரும்புச் சட்டமிட்ட கதவும் இரண்டு தாழ்ப்பாள்களும் வேண்டும். சாக்கையும் தட்டியையும் கதவாக நம்புதல் கூடாது.

5. வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்து முதல் பதினைந்து சதுர அடி இடம் தேவை. பத்து ஆடுகளுக்கு நூறு முதல் நூற்றைம்பது சதுர அடி வரை போதுமானது.

6. கொட்டில் வீட்டிற்கு அருகில், புதரும் தாழ்ந்த மரக்கிளையும் இல்லாத இடத்தில் அமைதல் நலம்.

தனித்தனியே கட்ட இயலாதோர் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து பொதுக் கொட்டில் ஒன்று அமைத்துக்கொள்ளலாம். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் பல ஊர்களில் ஆட்டுக் கொட்டகைகளும் மாட்டுக் கொட்டகைகளும் கட்டப்பட்டன. இப்பொழுது எத்திட்டத்தில் உதவி கிடைக்கும் என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கால்நடை மருந்தகத்திலும் கேட்டறிந்து, காட்டோரத்து ஏழைக் குடும்பங்களின் பெயர்களைப் பட்டியலில் முதலில் சேர்க்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

விளக்கும் துணை செய்யும். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் வடபகுதி மேட்டுநிலங்களில் பூமா என்னும் பெரும்பூனை கால்நடைகளைக் கொல்வது வழக்கம். இரவில் ஒழுங்கின்றி மினுக்கும் விளக்குகளை மந்தைகளின் அருகே வைத்துச் சோதித்தபொழுது, பூமா அம்மந்தைகளை அணுகவில்லை. நரியினத்தை மட்டும் அவ்விளக்குகளால் தடுக்க முடியவில்லை. விளக்கு ஒரு துணையேயன்றிக் கொட்டிலுக்கு மாற்றாகாது. நாளடைவில் விலங்கு அதற்குப் பழகிவிடவும் கூடும்.

மேய்ச்சலிலும் வீட்டைச் சுற்றியும்

பொழுது சாய்வதற்குள் மந்தை வீடு திரும்ப வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் ஆடுகளை எண்ணுதல் நன்று; பின்தங்கிய குட்டிதான் முதலில் இரையாகிறது. காட்டோரத்தில் ஆட்டையோ கன்றையோ தனியே கட்டிவிட்டு வருதல் கூடாது. மேய்ப்போர் இருவர் மூவராகச் செல்வது ஆட்டுக்கும் ஆளுக்கும் பாதுகாப்பு.

வீட்டைச் சுற்றியுள்ள உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் அகற்றுக. அந்தி நேரத்திலும் அதிகாலையிலும் குழந்தைகளைத் தனியே வெளியில் விடாதீர்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை இருப்பதும் அதை இரவில் பயன்படுத்துவதும் சுகாதாரத்திற்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பாகும்.

பஞ்சாயத்தின் கடமை

ஊர் எல்லையில் கோழிக் கழிவும் இறைச்சிக் கழிவும் கொட்டப்படுகின்றன. அவற்றை நாடி நாய்களும் பன்றிகளும் பெருகுகின்றன. அந்நாய்களை நாடிச் சிறுத்தை வருகிறது. வந்த சிறுத்தை ஆட்டையும் காண்கிறது. இச்சங்கிலியின் முதற் கண்ணியை அறுப்பது பஞ்சாயத்தின் கையில் உள்ளது. இறைச்சிக் கடைக் கழிவுகளை ஆழக் குழியிட்டுப் புதைக்கச் செய்தலும், 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய ஏற்பாடு செய்தலும், காட்டோரத் தெருக்களின் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்தலும் பஞ்சாயத்துப் பணிகளே. வனவர், வனச்சரக அலுவலர், கால்நடை உதவி மருத்துவர் ஆகியோரின் தொலைபேசி எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கிராம சபைக் கூட்டம் ஒன்றிற்கு வனத்துறை அலுவலரை அழைத்து, ஐயங்களை நேரில் கேட்டுத் தெளிவது மிகவும் பயன் தரும்.

ஆடு இறந்துவிட்டால்

வன விலங்கால் கால்நடை இறந்தால் அரசு இழப்பீடு வழங்குகிறது. தொகை அரசாணைகளால் அவ்வப்போது மாறும். கேட்கும் முறை தெரியாமையால் அதனை இழப்போர் உளர். ஆகவே பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்க.

இறந்த உடலை அப்புறப்படுத்த வேண்டா. தோலை உரிக்கவும் வேண்டா. உடனே வனத்துறைக்குத் தெரிவித்துப் படம் எடுத்து வைக்கவும். கழுத்தில் ஆழ்ந்த பல் பதிவும், உடல் இழுத்துச் செல்லப்பட்ட தடமும் சிறுத்தையைக் குறிக்கும்; பின்தொடையும் வயிறும் பல இடங்களில் குதறப்பட்டிருந்தால் அது நாய்களின் வேலையாக இருக்கலாம். நாயின் அடித்தடத்தில் நகக்குறி தெரியும். சிறுத்தையின் தடத்தில் பொதுவாகத் தெரியாது. தடத்தின்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்தால் அலுவலர் வரும்வரை அழியாது. கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்றைப் பெற்று விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்.

கொன்ற இடத்திற்குச் சிறுத்தை மீண்டும் வரும் இயல்புடையது. அன்றிரவு வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்தல் பெருந்தீங்கு. சிறுத்தையைச் சூழ்ந்துகொண்டு கல்லெறிந்து துரத்தும்போதுதான் மனிதர் பலர் காயமுற்றிருக்கின்றனர்.

செய்யத் தகாதவை

சினத்தால் சிலர் இறந்த ஆட்டின் உடலில் நஞ்சைத் தடவி வைக்கின்றனர். அந்நஞ்சு சிறுத்தையோடு நிற்பதில்லை; ஊர் நாய்களையும், நீலகிரிச் சரிவுகளில் அருகிவரும் பாறு கழுகுகளையும் அது கொன்றுவிடும். சுருக்குக் கம்பியும், நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலியும் ஆடு மேய்க்கச் செல்லும் மனிதரையே பலிகொள்ளும்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சிறுத்தை இடம்பெற்றுள்ளது. அதனைக் கொல்வோருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரையிலான சிறைத் தண்டனை உண்டு. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்றோ, தேற முடியாத நோயுற்றது என்றோ தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் ஆணையிட்டாலன்றி அதனை வேட்டையாட இயலாது. ஆடு கொன்றமை மட்டும் அதற்குப் போதிய காரணமாகாது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் செய்யும் செயலைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு சிறுத்தையை அகற்றினால் சில மாதங்கள் அமைதி கிடைக்கலாம். ஓர் உறுதியான கொட்டில் பல ஆண்டுகள் பயன் தரும். வரும் கிராம சபையில், காட்டோரத்து வீடுகளுள் மூடிய கொட்டில் இல்லாதவை எத்தனை என்று கணக்கெடுக்கத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றுங்கள். அக்கணக்குக் கையில் இருந்தால் உதவி கேட்கவும் எளிது, கொடுக்கவும் எளிது. பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இப்பணியை இந்த மாதமே தொடங்குவார்களாக.