பல் உள்வைப்பைச் சுற்றிய எலும்பும் எண்ணிம எக்சு-கதிர்ப் படமும்

பல் உள்வைப்பு என்பது இழந்த பல்லின் வேருக்கு மாற்றாகத் தாடை எலும்பில் பொருத்தப்படும் தைட்டானியத் திருகு ஆகும். அதைச் சுற்றி எலும்பு சரியாகப் பிணைகிறதா, பின்னர் தேய்கிறதா என்பதை எண்ணிம எக்சு-கதிர்ப் படங்கள் மூலம் கண்காணிக்கின்றனர். எலும்பு தேயும்போது பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அதனால் நோயாளி உணரும் முன்பே பாதிப்பைக் கண்டறிய இப்படங்கள் உதவுகின்றன.

பின்னணி

1952 இல் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் எலும்பில் பொருத்திய தைட்டானியக் கருவி எலும்போடு இறுகப் பிணைந்துவிட்டதைக் கண்டார். 1965 இல் முதன்முதலாக மனிதருக்குத் தைட்டானியப் பல் உள்வைப்பைப் பொருத்தினார். இப்பிணைப்பு எலும்பு ஒருங்கிணைவு எனப்படுகிறது. பல்லுக்கான எண்ணிமப் படக்கருவி 1987 இல் பிரான்சில் அறிமுகமானது. இம்முறையில் படச்சுருளுக்குப் பதிலாக உணரி பயன்படுகிறது. படம் உடனே திரையில் தெரியும். கதிர்வீச்சின் அளவும் குறைவு.

கண்காணிக்கும் முறை

உள்வைப்பைப் பொருத்தியவுடனும், அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும்போதும், ஓராண்டு கழித்தும் படம் எடுப்பது வழக்கம். முதல் படமே பிந்தைய ஒப்பீடுகளுக்கு அடிப்படை ஆகும். உணரி உள்வைப்புக்கு இணையாகவும், கதிர் அதற்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். திருகின் மரைகள் இருபுறமும் தெளிவாகத் தெரிந்தால் கோணம் சரி என அறியலாம். மரைகளுக்கு இடையேயான உண்மையான தூரம் முன்பே தெரியும் என்பதால், அதையே அளவுகோலாகக் கொண்டு எலும்பின் மட்டத்தைக் கணக்கிடலாம். ஒரே கோணத்தில் எடுத்த இரு படங்களைக் கணினியில் கழித்துப் பார்த்தால், மாறிய பகுதி மட்டும் தனித்துத் தெரியும்.

படம் காட்டுபவை

எலும்பு மரைகளை ஒட்டி இடைவெளியின்றித் தெரிவது நல்ல அறிகுறி. உள்வைப்பைச் சுற்றி மெல்லிய கருங்கோடு தெரிந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்திருக்கலாம். கழுத்துப் பகுதியில் கிண்ணம் போன்ற பள்ளம் காணப்பட்டால் தொற்றால் எலும்பு கரைகிறது எனக் கருதலாம். 1986 இல் ஆல்பிரெக்ட்சன் குழுவினர் வெளியிட்ட வரையறையின்படி, முதலாண்டுக்குப் பின் எலும்பு இழப்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

வரம்புகள்

இவை இருபரிமாணப் படங்கள். உள்வைப்பின் இரு பக்க எலும்பு தெரியும். கன்னப்புற, நாக்குப்புற எலும்பு உள்வைப்பின் நிழலில் மறைந்துவிடும். கூம்புக்கற்றைக் கணித்த வரைவி முப்பரிமாணத்தில் காட்டினாலும், அதில் கதிர்வீச்சு அதிகம்; உலோகத்தால் படத்தில் கோடுகளும் விழும். கனிமம் கணிசமாகக் குறைந்த பிறகே வெறும் கண்ணுக்கு மாற்றம் புலப்படும். ஆகவே ஈறில் இரத்தக்கசிவு, சீழ், ஈறுப்பையின் ஆழம், உள்வைப்பின் அசைவு ஆகியவற்றையும் சோதித்த பின்னரே மருத்துவர் முடிவு செய்வார். தேவையின்றி அடிக்கடி படம் எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.