மூடிய பகுதிக்குள் ஒளிந்திருக்கும் பிழை

வெளிநோயாளர் பதிவுக்கும் காப்பீட்டு விண்ணப்பத்திற்கும் இணையப் படிவம் இன்று வழக்கமாகிவிட்டது. நீண்ட படிவத்தை ஒரே பக்கமாகக் காட்டினால் காண்போர் மலைத்துவிடுவர் என்று, அதனைத் திறந்து மூடக்கூடிய பகுதிகளாகப் பிரித்து அமைக்கின்றனர். ‘நோயாளர் விவரம்’, ‘முகவரி’, ‘முந்தைய நோய்கள்’ என்னும் தலைப்புகள் மட்டுமே முதலில் தெரியும். தொட்டால் விரியும், மீண்டும் தொட்டால் மடங்கும். கைப்பேசியின் சிறு திரைக்கு இது ஏற்ற முறையே. ஆயினும், ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் சில படிவங்கள் அசையாமல் நிற்கும்.

காரணம் பெரும்பாலும் மூடிய பகுதிக்குள் இருக்கும். கட்டாயமாக நிரப்பவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தால், உலாவி படிவத்தை அனுப்பாமல் நிறுத்தி, அக்கட்டத்தின் அருகே எச்சரிக்கையைக் காட்ட முயலும். கட்டமே மறைந்திருக்கையில் எச்சரிக்கையை எங்கே காட்டுவது? படிவமும் போகாது, காரணமும் தெரியாது. இணையம் பழுது என்று எண்ணிப் பக்கத்தைப் புதுப்பித்து, நிரப்பியவை அனைத்தையும் இழப்போர் உண்டு. பிழையுள்ள பகுதியைத் தானே திறந்து, குறையை எழுத்தில் சொல்லுமாறு படிவத்தை அமைப்பது கடினமன்று. செய்யாமல் விடுவது அமைப்பவரின் அலட்சியமே. திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றோருக்கு, சிவப்பு நிறக் கோடு மட்டும் எவ்வகையிலும் உதவாது.

புதுச்சேரிக்கே உரிய இடர்ப்பாடுகளும் உள்ளன. நம் ஒன்றியப் பகுதி ஒரே நிலப்பரப்பன்று. புதுச்சேரி நகரின் அஞ்சல் குறியீடு 605 என்று தொடங்கும். காரைக்கால் 609, கேரளம் சூழ்ந்த மாகே 673, ஆந்திரம் சூழ்ந்த ஏனாம் 533. இதனை அறியாதவர் எழுதிய சரிபார்ப்பு விதி, ஏனாமிலிருந்து வரும் நோயாளரின் சரியான முகவரியையே தவறென்று தள்ளிவிடக்கூடும். குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்திற்குத் தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர் என்ன விடை தருவது? ஆதார் அட்டையில் பெயர் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே பிரித்து இடுவது பின்னர் எழும் குழப்பத்தைக் குறைக்கும்.

எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2020 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய மின்னணுச் சுகாதார இயக்கம், முன்னோட்டமாக ஆறு ஒன்றியப் பகுதிகளில் தொடங்கியது. அவற்றுள் புதுச்சேரியும் ஒன்று. அதன் வழிவந்த ஆபா எண் 14 இலக்கங்கள் கொண்டது. ஆதார் எண் 12 இலக்கங்கள் கொண்டது. ஆதாரின் கடைசி இலக்கம் சோதனை இலக்கமாகும். டச்சுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறைப்படி அது கணக்கிடப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் அம்முறை பிடித்துவிடும். ஆனால் உடன் வந்த மகன், தாயின் எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணைப் பிழையின்றி இட்டுவிட்டால், அது சோதனையில் தேறிவிடும். எண்ணின் வடிவத்தை மட்டுமே அது அறியும். எண் யாருடையது என்பதை அறியாது.

நிற்கும் படிவத்தைவிட, நிற்காமல் போய்விடும் படிவமே எமக்கு அச்சம் தருவது. ‘ஒவ்வாமை’ என்னும் பகுதி கட்டாயமில்லை என்று மூடிக் கிடக்க, அதற்குள் ‘இல்லை’ என்ற விடை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால், பென்சிலின் ஒவ்வாத நோயாளரும் ஒவ்வாமை அற்றவராகவே பதிவாவார். திறந்து பாராதவருக்கு இது தெரியவும் வராது. ஆகவே, படிவத்தில் எதைக் குறித்திருந்தாலும், ஒவ்வாத மருந்தின் பெயரை மருத்துவரிடமும் செவிலியரிடமும் வாய்மொழியாகச் சொல்லுங்கள்.

படிவம் நின்றுவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். மேலிருந்து ஒவ்வொரு பகுதியாகத் திறந்து, உடுக்குறியிட்ட கட்டங்களில் வெறுமையானவை உண்டா என்று பாருங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளனவா என்பதையும் நோக்குக. அதன் பின்னும் போகவில்லையெனில், எந்தப் பகுதியில் நின்றது என்பதைத் திரைப்பிடிப்பாக எடுத்துக்கொண்டு பதிவு மேசைக்கு வாருங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் காட்டவேண்டாம்.