கைரேகை தேய்ந்தால் ஆளே இல்லையா?

2024-ம் வருஷம், ஐப்பசி மாதம். தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. முறுக்கு மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அத்தையின் குரல்.

"ஏம்மா, கொஞ்சம் வெளியே வா. நான் உசிரோட இருக்கேனா, இல்லையான்னு நீயே பார்த்துச் சொல்லு!"

பதறிப் போய் ஓடினேன். திண்ணையில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் சுருட்டி வைத்த ரேஷன் பை. காலிப் பை.

அத்தை என்றால் என் மாமியார். வயது 78. மதுரையில் எங்களுக்கு அடுத்த தெருவில், மாமா கட்டிய பழைய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். "என் அடுப்பு, என் பானை, யாருக்கும் பாரமில்லே" என்பார். ரேஷன் கார்டும் அவர் ஒருவர் பெயரில்தான். நாற்பது வருஷம் அப்பளம் இட்டு விற்று, என் வீட்டுக்காரரையும் இரண்டு நாத்தனார்களையும் படிக்க வைத்த கைகள் அவை.

அந்தக் கைகளைத்தான் அன்றைக்கு மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை.

வலது கட்டைவிரல்... இல்லை. ஆள்காட்டி விரல்... இல்லை. "துடைச்சிட்டு வைங்க பாட்டியம்மா." துடைத்து வைத்தார். இல்லை. பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. "போனுக்கு நம்பர் வரும், அதைச் சொன்னாலும் போதும்" என்றாராம் கடைக்காரர். எந்தப் போன்? ஆதாரில் பதிந்திருந்தது மாமாவின் நம்பர். மாமா காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்!

"நான் என்னம்மா செய்யட்டும்? மெஷின் ஒத்துக்கலை" என்று கைவிரித்து விட்டார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

விரல் ஏன் தேய்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்வோம். விரல் நுனியில் இருக்கும் வரி வரியான மேடு பள்ளம்தான் ரேகை. வயதாக ஆகத் தோல் மெலிந்து, வறண்டு, சுருங்கிப் போகிறது. மேடும் பள்ளமும் ஒன்றாகி விடுகின்றன. பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, சிமெண்ட் கலவை சுமப்பது, செங்கல் அறுப்பது, பீடி சுற்றுவது என்று வருஷக்கணக்கில் கையால் உழைப்பவர்களுக்கு இளமையிலேயே ரேகை மங்கி விடுவதுண்டு. சோப்பும் பவுடரும் ஒத்துக்கொள்ளாமல் கையில் கரப்பான் வந்தவர்களுக்கும் இதே கதி. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்பெசிடபின் போன்ற மருந்துகளாலும் உள்ளங்கை உரிந்து ரேகை மறைந்து போகலாம்.

ஆக, யாருக்கு ரேகை விழாது? கிழவிகளுக்கு, உழைப்பாளிகளுக்கு, நோயாளிகளுக்கு. ரேஷன் அரிசி யாருக்கு மிகவும் தேவை? அதே மூன்று பேருக்கு! இந்தப் பொருத்தத்தை டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் யாராவது யோசித்தார்களா?

"போலிக் கார்டு ஒழியணுமே, அதுக்குத்தானே இதெல்லாம்?" என்றார் என் வீட்டுக்காரர். நியாயம்தான். போலிக் கார்டு ஒழியட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் அத்தை சிக்கினால், வலை போட்டவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

இஷ்டம் என்று வந்தது, கட்டாயமாகி உட்கார்ந்தது

ஆதார் ஆணையம் ஏற்பட்டது 2009-ல். முதல் அட்டை 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. அப்போதெல்லாம் இஷ்டமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். 2016-ல் அதற்கென்று சட்டம் வந்தது. அதையும் பண மசோதா என்று பெயர் சூட்டிக் கொண்டு வந்தார்கள். பண மசோதா என்றால் ராஜ்ய சபை திருத்தம் சொல்லலாம். அதை ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 2017 மார்ச்சில் டெலிபோன் இலாகா ஒரு சுற்றறிக்கை விட்டது: எல்லா மொபைல் நம்பரையும் ஆதாரோடு சரிபார்க்க வேண்டும். ஞாபகம் இருக்கிறதா, 'இணைக்காவிட்டால் துண்டிக்கப்படும்' என்று நாளுக்கு நாலு தடவை மெஸேஜ் வந்ததே! சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்றும் சொன்னார்கள். நானும் நம்பிக் கடையில் போய் வரிசையில் நின்று விரலை வைத்துவிட்டு வந்தேன். அப்படி ஒரு உத்தரவைத் தாங்கள் போடவே இல்லை என்று நீதிபதிகள் 2018-ல் தெளிவுபடுத்தியபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று.

இதில் கம்பெனிகளுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். காகிதம் வாங்கி, போட்டோ ஒட்டி, வீடு தேடிச் சரிபார்க்கிற செலவு மிச்சம். ஒரு விரல் பட்டால் நம் பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் நொடியில் கையில்!

அதோடு நின்றதா? 2017 கடைசியில் ஒரு பெரிய டெலிபோன் கம்பெனியின் விவகாரம் வெளியே வந்தது. சிம் சரிபார்ப்பதற்காக விரல் வைத்த ஜனங்களுக்கு, அவர்களுக்குத் தெரியாமலேயே அந்தக் கம்பெனியின் சொந்த பாங்கில் கணக்குத் திறந்துவிட்டார்கள். காஸ் மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்விட்டது. 31 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சுமார் 190 கோடி ரூபாய். சிலிண்டர் மானியம் ஏன் வரவில்லை என்று எத்தனை பெண்கள் பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள்! ஆதார் ஆணையம் அந்தக் கம்பெனியின் அனுமதியை நிறுத்தி வைத்தது; அபராதமும் போட்டது. ஆனால் விரலை வை என்று நம்மைத் துரத்தியது யார்? சர்க்கார்தானே?

கோர்ட்டுக்குப் போன பெண்கள்

இதை எதிர்த்து முதலில் 2012-ல் வழக்குப் போட்டவர், கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி. அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். அவரோடு சேர்ந்து வழக்காடியவர்களில் பெண்களும் உண்டு. சென்னையில் பிறந்து, கலெக்டர் உத்தியோகத்துக்கான பணியை உதறிவிட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போய் உழைத்த அருணா ராய் ஒருவர். குழந்தைத் தொழிலாளர்களைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்ட சாந்தா சின்ஹா இன்னொருவர்.

2015-ல் சர்க்கார் வக்கீல், அந்தரங்கம் என்பது இந்தியக் குடிமக்களின் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடினார். கதவைச் சாத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லையாம்! 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள்.

2018 செப்டம்பர் 26-ம் தேதி ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. மானியத்துக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம். ஆனால் சிம் கார்டுக்கு, பாங்க் கணக்குக்கு, பள்ளிக்கூடத்தில் சேர்க்க இதைக் கட்டாயமாக்கக் கூடாது. தனியார் கம்பெனிகள் சட்டத்தைக் காட்டி விரல் கேட்பதும் கூடாது. ஐந்து நீதிபதிகளில் ஒருவரான சந்திரசூட், இந்தச் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டு வந்ததே செல்லாது என்று தனியாகத் தீர்ப்பு எழுதினார்.

அப்பாடா என்று மூச்சு விட்டோம். முன் வாசலில் போனது கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தது! 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 'விருப்பமுள்ளவர்கள் காட்டலாம்' என்று பாங்குக்கும் போன் கம்பெனிக்கும் வழி விட்டார்கள். 2025 ஜனவரியில் விதிகளைத் திருத்தி, மற்றத் தனியார் நிறுவனங்களும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விருப்பமாம் விருப்பம்! கவுண்டரில் நிற்கும் பையன் "ஆதார் இல்லாட்டி வேலை ஆகாது மேடம்" என்றால், நம் விருப்பத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது முகம்

விரல் போய் இப்போது முகம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல், அங்கன்வாடியில் வீட்டுக்கு வாங்கிப் போகும் சத்துணவுப் பொருளுக்குக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் போன் காமிராவில் முகம் காட்ட வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதித்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முகம் வீங்கும், வெளுக்கும். போனில் சிக்னல் இருக்காது. அந்த ஆகாரம் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவளுடைய உரிமை. அதை வாங்க அவள் எத்தனை தடவை வெயிலில் நிற்பது?

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஜனங்கள் சேர்ந்து முகம் சுளித்தால் சர்க்கார் அசையும். 2025 நவம்பர் கடைசியில், புதிதாக விற்கும் எல்லா மொபைலிலும் 'சஞ்சார் சாத்தி' என்ற சர்க்கார் செயலியைக் கம்பெனியே போட்டுத் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். திருட்டுப் போன போனைக் கண்டுபிடிக்க உதவும் செயலிதான். ஆனால் என் போனில் என்ன இருக்க வேண்டும் என்று நானல்லவா முடிவு செய்ய வேண்டும்? நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3-ம் தேதியே கட்டாயத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

புலம்பினால் மட்டும் போதுமா? அத்தைக்காக அலைந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

* ரேகை விழவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது. மாற்று வழியில் பொருளைத் தர வேண்டும் என்று 2017 அக்டோபரில் ஆதார் ஆணையமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. "பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள்.

* பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல பேருக்குக் கட்டைவிரல் ஏமாற்றும். வேறொரு விரல் காப்பாற்றும்.

* கை வறட்சி உள்ளவர்கள் ஒரு வாரம் இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

* ஆதார் மையத்தில் விரலையும் கண்ணையும் புதிதாகப் பதியலாம். வீட்டுப் பெரியவர்களின் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* நடமாட முடியாதவர்கள் சார்பில் வேறொருவர் பொருள் வாங்கத் தமிழ்நாட்டில் படிவம் உண்டு. ரேஷன் குறைகளுக்கு 1967. ஆதார் குறைகளுக்கு 1947.

* ஓட்டல், கடை, லாட்ஜ் என்று கண்ட இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' கிடைக்கிறது. உங்கள் ரேகையை மற்றவர் உபயோகிக்க முடியாமல் பூட்டி வைக்கும் வசதியும் ஆதார் செயலியில் உண்டு.

அத்தை விஷயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? இரண்டு தடவை நான் கூடப் போய் வாதாடிய பிறகு, மூன்றாம் தடவை பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார்கள். அதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது. பிறகு ஆதார் மையத்தில் புதிதாகப் பதிந்ததில், இடது கை மோதிர விரல் மட்டும் ஒழுங்காக விழுந்தது. இப்போது அந்த விரலை வைத்துத்தான் வாங்குகிறார்.

"எப்படியோ சரியாப் போச்சே அத்தை" என்றேன்.

"என்னத்தே சரி? அந்தக் கடைக்காரத் தம்பிக்கு இருபது வருஷமா என்னைத் தெரியும். அவன் கல்யாணத்துக்கு அப்பளம் இட்டதே நான்தான். 'இவங்களை எனக்குத் தெரியும்'னு அவன் ஒரு வார்த்தை சொன்னா செல்லாது, பெட்டி சொன்னாத்தான் செல்லுமாம். அதுதாம்மா எனக்கு ஆறலே" என்றார்.

எனக்கும் ஆறவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். அடுத்த தடவை அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்; "மெஷின் ஒத்துக்கலை" என்று யாராவது சொன்னால், பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வராதீர்கள்.